வன்னியில் வளரும் சந்தை நகரம்: இருபது ஆண்டுத் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகு வன்னியின் பிரதேச சபைகளுக்குப் புதியவர்கள் பலர் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும், சபையில் புதிதாகச் சேர்ந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும், வியாபாரிகள் சங்கம், கமக்காரர் அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம் போன்றவற்றில் பொறுப்பேற்றவர்களுக்கும் இந்த வழிகாட்டி. ஏ9 வீதியிலோ, பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலோ, மாங்குளம்–முல்லைத்தீவு வீதியிலோ உங்கள் சந்தி பெருத்து நகரமாகிக்கொண்டிருக்கும். காலையில் மரக்கறி லொறி வருகிறது, வங்கிக் கிளை வந்துவிட்டது, சந்தியிலிருந்து இரண்டு கிலோமீற்றர் வரை கடைகள் நீண்டுவிட்டன. இதற்கு இருபது ஆண்டுகளுக்கு ஒரு திட்டம் வேண்டும் என்று கூட்டத்தில் முடிவெடுத்துவிட்டீர்கள். இனி என்ன செய்வது?

பெரும்பாலும் நடப்பது, யாராவது ஒருவர் நகர மண்டபத்தின் படத்தைக் கொண்டுவந்து காட்டுவதுதான். அதைத் தள்ளி வையுங்கள். கட்டடத்தைப் பத்து வருடம் கழித்தும் கட்டலாம். காணியை அப்படிப் பிந்தி எடுக்க முடியாது. நீர் ஓட, வீதி அகல, சந்தை பெருக்க, கழிவைக் கையாள என்று நான்கு தேவைகளுக்குக் காணியை இப்போதே அடையாளமிட்டு ஒதுக்குவதே திட்டத்தின் முக்கால் பங்கு. வன்னியில் இந்த நான்கிலும் நீருக்குத்தான் முதலிடம்.

தண்ணீரின் வழியை வரைதல்

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படத்தையும், கிடைக்குமானால் 1:10,000 படத்தையும் வாங்குங்கள். கமநல சேவை நிலையத்தில் உங்கள் பகுதிச் சிறுகுளங்களின் பட்டியல் இருக்கும். 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கருக்குக் குறைவான வயலுக்குப் பாயும் குளங்கள் கமநல சேவைகள் திணைக்களத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். இரண்டு இடத்திலும் கேளுங்கள். ஒரு அலுவலகத்தின் பட்டியலில் இல்லாத குளம் மற்றதில் இருக்கும். தூர்ந்துபோன குளம் இரண்டிலும் இல்லாமல் போகலாம், ஊர்ப் பெரியவர்களுக்குத்தான் அது தெரியும்.

பிறகு மாரியில் நடக்க வேண்டும். ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரை பெய்யும் மழைதான் வன்னியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு. ஓகஸ்ட் மாதம் எல்லா நிலமும் ஒரே மாதிரிக் காய்ந்து மட்டமாகத்தான் தெரியும். காணி பங்கிடும் கூட்டங்கள் வழமையாகக் கோடையில் நடப்பதால், கழிவாற்றின் நடுவிலேயே வீட்டுத்திட்டம் வந்துவிடுகிறது. நவம்பரில் கடும் மழை பெய்த மறுநாள் காலை ஒரு குழுவாக நடந்து, பின்வருவனவற்றைப் படத்தில் குறியுங்கள்:

- ஒவ்வொரு குளத்திலும் முழுக் கொள்ளளவில் தண்ணீர் நிற்கும் எல்லை, அலைகரை, குளக்கட்டு, வான் பாயும் இடம் (நிரம்பிய குளத்தின் மிகைநீர் வழியும் இடம்).
- வானிலிருந்து அடுத்த குளம் வரை தண்ணீர் போகும் பாதை. படத்தில் சிறுகோடாக இருப்பது நிலத்தில் ஐம்பது மீற்றர் அகலமான தாழ்வாக இருக்கலாம்.
- பாசன வாய்க்கால்களும் அவற்றின் கழிவாறுகளும்.
- வீதிக்கும் ரயில் பாதைக்கும் கீழுள்ள ஒவ்வொரு மதகும், அதன் உள்ளளவு, எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்பதும்.

கடைசி வரி முக்கியம். ஏ9 வீதியும் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரை மீண்டும் ஓடத் தொடங்கிய ரயிலின் பாதையும் பல இடங்களில் பக்கத்துப் பக்கமாகப் போகின்றன. இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும் நிலம் அந்த மதகுகளின் அளவுக்குத்தான் வடியும். மதகின் வாயில் ஒரு கடை மண் நிரப்பினால் மேல்பக்கம் நூறு வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும்.

2018 டிசெம்பர் 21 இரவு பெய்த மழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் எதுவரை வந்தது என்று ஊரில் இன்னும் நினைவிருக்கிறது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்துவிடப்பட்ட இரவு அது. வீடு வீடாகக் கேட்டு, சுவரில் தண்ணீர் தொட்ட உயரத்தை நாடாவால் அளந்து எழுதுங்கள். மின்கம்பங்களிலும் மதகுச் சுவர்களிலும் நீலப் பெயின்டால் அந்த மட்டத்தைக் கோடிடுங்கள். காணி வாங்க வருபவர் அதைப் பார்த்தாலே பாதிப் பிரச்சினை குறையும்.

வவுனியா நகரம் இதற்கு நல்ல பாடம். வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், தாண்டிக்குளம், வேப்பங்குளம், நெளுக்குளம் என்று நகரமே குளங்களுக்கு இடையில்தான் விரிந்திருக்கிறது. இப்படிப்பட்ட குளத்தொடரில் ஒரு குளத்தின் வான் அடுத்த குளத்துக்குப் பாய வேண்டும். இடையிலுள்ள தாழ்வில் கடையோ வீடோ எழுந்தால், மேல்குளம் வான் பாயும் ஒவ்வொரு மாரியிலும் அந்த வீட்டுக்காரர் சபை வாசலுக்கு வருவார், சபையும் நிவாரணம் எழுதும். வாய்க்கால் ஒதுக்கீடும் குள ஒதுக்கீடும் இடத்துக்கு இடம் அகலம் மாறும். ஆகையால் ஊகத்தில் கோடு போடாதீர்கள். உரிய பொறியியலாளர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கி, நில அளவையாளரைக் கொண்டு எல்லைக்கல் நடுங்கள். கல்லை நட்ட அன்றே அருகில் மருது அல்லது நாவல் நடுவது நல்லது. கல்லைப் பிடுங்குகிறவர்கள்கூட வளர்ந்த மரத்தில் கை வைக்கத் தயங்குவார்கள்.

நடக்கும்போது இன்னொரு கவனமும் வேண்டும். பழைய மண்ணரண்கள், பதுங்குகுழிகள், காட்டோரம், கைவிடப்பட்ட குளக்கட்டு ஆகிய இடங்களில் கண்ணிவெடி அகற்றியதற்கான சான்று இருக்கிறதா என்று பிராந்தியக் கண்ணிவெடி நடவடிக்கை அலுவலகத்தில் கேட்ட பிறகே மண்வெட்டியோ இயந்திரமோ இறங்க வேண்டும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், இடத்தை அடையாளமிட்டு, பொலிசாருக்கு அறிவியுங்கள். வடிகால் வெட்டும் ஒப்பந்தத்தில் இதை ஒரு நிபந்தனையாகவே எழுதுங்கள்.

எத்தனை பேருக்குத் திட்டம்?

கிராம அலுவலர்களிடம் ஒவ்வொரு பிரிவின் குடும்பத் தொகையையும் கடந்த ஐந்து வருடத்துக்குக் கேட்டு எடுத்தால் வளர்ச்சி வீதம் தெரியும். இடம்பெயர்ந்தோர் மீளக் குடியேறிய வருடங்களின் பாய்ச்சலைச் சாதாரண வளர்ச்சியாக எண்ணிவிடாதீர்கள். அதை வைத்துக் கணக்குப் போட்டால் நகரம் நம்ப முடியாத அளவுக்குப் பெருத்துக் காட்டும்.

உதாரணத்துக்கு இன்று 8,000 பேர் வாழும் ஒரு சந்தை நகரை எடுப்போம். ஆண்டுக்கு 2 வீதம் வளர்ந்தால் 20 ஆண்டில் ஏறக்குறைய 11,900 பேர். 3 வீதமென்றால் 14,450 பேர். பெரிய தொகைக்குக் காணி ஒதுக்குங்கள், சிறிய தொகைக்குக் கட்டடம் கட்டுங்கள். காணி மிஞ்சினால் நட்டமில்லை. கட்டடம் மிஞ்சினால் பராமரிப்புச் செலவு சபையை அமுக்கும்.

14,450 பேர் என்றால் தேவை இப்படி விரியும்:

- வீடு: மேலதிகமாக 6,450 பேர், வீட்டுக்கு நான்கு பேராக ஏறக்குறைய 1,600 வீடுகள். வீட்டுக்கு 15 பேர்ச் வீதம் 24,000 பேர்ச், அதாவது 150 ஏக்கர். வீதி, வடிகால், பொதுவிடம் எல்லாம் சேர்த்தால் 230 ஏக்கர் வரை.
- தண்ணீர்: ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் என்று வைத்தால் 1,730 கனமீற்றர். குழாயில் கசிவது ஐந்தில் ஒரு பங்கு என்று சேர்த்தால் 2,080 கனமீற்றர்.
- குப்பை: ஆளுக்கு 0.45 கிலோ வீதம் நாளுக்கு ஆறரைத் தொன். சந்தை நகரமாதலால் மூன்றில் இரண்டு பங்கு அழுகும் கழிவு.

இதற்கு மேல் பகலில் வந்துபோகும் மக்கள். சந்தை நாளில் பஸ் தரிப்பிடத்தில் நின்று, காலை 5 மணி தொடக்கம் 11 மணி வரை மணிக்கு மணி எண்ணுங்கள். மலசலகூடம், தரிப்பிடம், குடிநீர் ஆகியவற்றின் அளவை இவர்களே தீர்மானிப்பார்கள்.

காணி யாருடையது?

படத்தில் ஒவ்வொரு துண்டையும் ஐந்து நிறத்தில் பிரியுங்கள்: உறுதிக் காணி (தனியாருடையது), அனுமதிப்பத்திரக் காணி, அளிப்புக் காணி (அரசு அளிப்புப் பத்திரத்தால் கொடுத்தது), அரச திணைக்களங்களின் காணி, காடு. பிரதேச செயலகத்தின் காணிப் பகுதி உத்தியோகத்தர் இல்லாமல் இந்த வேலை நகராது.

1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிதான் வன்னிக் குடியேற்றங்களில் மிகுதி. அதைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது, குறித்த அளவுக்குக் கீழே துண்டாக்கவும் முடியாது. ஆனாலும் வீதிக்கரையில் அந்தக் காணி கைமாறிக் கைமாறி, கடைகள் எழுந்திருக்கும். அப்படிக் கட்டிய கடைக்குக் கட்டட அனுமதி கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது. பின்னர் வீதி அகலிக்கும்போது நட்டஈட்டிலும் சிக்கல் வரும். நடமாடும் சேவை ஒன்றை நடத்தி, வாரிசுப் பெயர் மாற்றம், அளிப்புப் பத்திரம் ஆகியவற்றை முதல் இரண்டு வருடத்தில் முடிக்க முயலுங்கள். நகரத் திட்டத்தில் இதைவிடப் பயனுள்ள செலவு குறைவு.

வயலைத் தொடாதீர்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியின்றி வயல் நிரப்புவது குற்றம். சட்டத்தை விட்டாலும், சந்தைக்கு நெல் தரும் நிலமும் வெள்ளத்தைத் தாங்கும் நிலமும் அதுதான். நகரம் விரிய வேண்டிய திசை மேட்டுநிலம். மேட்டில் காடு இருந்தால் வனவளத் திணைக்களத்தின் எல்லையைக் கேட்டறிந்து, அதற்கு இப்பால் நில்லுங்கள்.

வடிகால் கணக்கு

தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. பற்றைக்காடாக இருந்த நிலத்தில் விழும் மழையில் ஏறக்குறைய 30 வீதம் உடனே ஓடும். கூரையும் தாரும் கொன்கிறீற்றும் மூடிய நிலத்தில் 80 வீதம் ஓடும். ஒரு வினாடிக்கு எத்தனை கனமீற்றர் வரும் என்று அறிய, இந்தப் பங்கையும் (30 வீதமென்றால் 0.3), மணிக்கு எத்தனை மில்லிமீற்றர் மழை என்பதையும், ஹெக்டேயரில் பரப்பையும் பெருக்கி 360ஆல் வகுக்க வேண்டும்.

மணிக்கு 60 மி.மீ. மழை, 10 ஹெக்டேயர் நிலம். பற்றைக்காடாக இருந்தபோது வினாடிக்கு 0.5 கனமீற்றர். கடைத்தெருவான பின் 1.33 கனமீற்றர். தண்ணீர் வினாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் ஓடுமென்றால் முதலாவதற்கு 70 செ.மீ. அகலமும் 70 செ.மீ. ஆழமும் போதும். இரண்டாவதற்கு 1.4 மீற்றர் அகலமும் ஒரு மீற்றர் ஆழமும் வேண்டும். நாம் வீதியோரம் வழமையாகக் கட்டுவது இரண்டடிக்கு இரண்டடி. ஒவ்வொரு நவம்பரிலும் கடைவீதி மூழ்குவதற்கான காரணம் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

வேறு மூன்று இடங்களில் வடிகால் பிழையாகிப் போகும். ஒன்று, கீழ்முனை எங்கே போய்ச் சேருகிறது என்று தீர்மானிக்காமல் சந்தியிலிருந்து கட்டத் தொடங்குவது. எப்போதும் கீழ்முனையிலிருந்து மேல்நோக்கிக் கட்டுங்கள். இரண்டு, சரிவு. வன்னி நிலம் மட்டமானது, 500 மீற்றருக்கு ஒரு மீற்றர் இறக்கம் கிடைத்தாலே பெரிய விடயம். ஒப்பந்தகாரர் கண்மட்டத்தில் கட்டாமல், மட்டக்கருவியால் ஒவ்வொரு 20 மீற்றருக்கும் அளந்து காட்டிய பிறகே கட்டணம் கொடுங்கள். மூன்று, மூடி. கடைக்காரர் தன் வாசலில் நிரந்தரமாகக் கொன்கிறீற் ஊற்றி மூடினால் சுத்திகரிக்க வழியில்லை. தூக்கக்கூடிய இரண்டடி மூடிப்பலகைகளை மட்டும் அனுமதியுங்கள்.

வடிகாலின் அளவைக் குறைக்க வேறு வழியும் உண்டு. புதிய குடியிருப்புக்கு அனுமதி கொடுக்கும்போது பரப்பில் இருபதில் ஒரு பங்கை மழைநீர் தங்கும் பள்ளமாக விடச் சொல்லுங்கள். கோடையில் அது பிள்ளைகளின் விளையாட்டிடம், மாரியில் சில மணி நேரம் தண்ணீர் நின்று வடியும். சுற்றுக் கிணறுகளுக்கும் ஊற்று ஏறும்.

வீதிகள்

ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. மாகாண வீதிகள் வேறு திணைக்களத்தின் கையில். உள்வீதிகளும் ஒழுங்கைகளும் சபையுடையவை. கட்டட எல்லை எங்கே என்று ஒவ்வொரு நிறுவனத்திடமும் எழுத்தில் வாங்கி ஒரே படத்தில் இடுங்கள்.

சந்தை நகரம் நெடுஞ்சாலையோரம் ஒற்றை வரிசையாக நீளுவது பெரிய நோய். கடை ஒன்றும் பின்னால் காடும் என்று மூன்று நான்கு கிலோமீற்றர் நீண்டால் குழாய், வடிகால், விளக்கு எல்லாம் மூன்று மடங்கு செலவு. கொழும்பு பஸ் ஓடும் வேகத்துக்கு நடுவே பிள்ளைகள் வீதி கடக்க வேண்டும். மருந்து ஒன்றுதான்: நெடுஞ்சாலைக்குச் சமாந்தரமாக 150 முதல் 200 மீற்றர் பின்னால் இரண்டாவது வீதியை இப்போதே அளந்து ஒதுக்குவது. அகலம் 12 மீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். இரண்டையும் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் 9 மீற்றர் குறுக்கு வீதியால் இணையுங்கள். இன்றைக்கு அது கிரவல் வீதியாக இருந்தால் போதும், தார் பிறகு வரும். மிகச் சிறிய ஒழுங்கைகூட 6 மீற்றருக்குக் குறையக் கூடாது. தீயணைப்பு வாகனமும் மலக்குழி உறிஞ்சும் கலி பவுசரும் திரும்ப இடம் வேண்டும்.

இரவில் நெடுஞ்சாலையில் படுக்கும் கட்டாக்காலி மாடுகள் உயிர்களைப் பறிக்கின்றன. மேய்ச்சல் தரையை நகரத் திட்டம் விழுங்கிவிட்டுப் பிறகு மாட்டுக்காரருக்குத் தண்டம் அறவிடுவது நியாயமில்லை. மேய்ச்சலுக்கென ஒரு நிலத்தையும், பிடித்த மாட்டைக் கட்டிவைக்கத் தண்ணீரும் நிழலும் உள்ள பட்டியையும் படத்தில் சேருங்கள்.

சந்தை

முதலில் இடம். 2016இல் வவுனியாவுக்கான பொருளாதார மத்திய நிலையத்தைத் தாண்டிக்குளத்தில் அமைப்பதா ஓமந்தையில் அமைப்பதா என்று நடந்த நீண்ட இழுபறியைப் பலரும் அறிவார்கள். இடத்தைத் தீர்மானிக்கும் அளவுகோல்களை முன்கூட்டியே எழுதி எல்லோரும் ஒப்புக்கொள்ளாவிட்டால் நிதி வந்த பிறகு சண்டைதான் மிஞ்சும். அளவுகோல்கள் எளியவை: பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண் மரக்கறிப் பையுடன் ஐந்து நிமிடத்தில் நடக்கக்கூடிய தூரம், அதாவது 300 மீற்றருக்குள் சில்லறைச் சந்தை. லொறி திரும்பக்கூடிய மொத்தச் சந்தை அதற்குப் பின்னால், இரண்டாவது வீதியில். இரண்டையும் ஊருக்கு வெளியே கொண்டுபோனால் வியாபாரிகள் மூன்று மாதத்தில் வீதியோரத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

சில்லறைக்கும் மொத்தத்துக்கும் மீனுக்கும் சேர்த்து 5 ஏக்கர் ஒதுக்கி, முதலில் ஒன்றரை ஏக்கரில் மட்டும் கட்டுங்கள். உள்ளே கவனிக்க வேண்டியவை:

நடைபாதை 3 மீற்றர். 2 மீற்றர் என்று கட்டினால் இரு பக்கத்துக் கடையும் பெட்டியை வெளியே தள்ளி, கடைசியில் ஒருவர் மட்டும் நடக்கும் சந்தாகிவிடும். கடையின் எல்லையைத் தரையில் மஞ்சள் கோடாகப் பதித்து, குத்தகை ஒப்பந்தத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

கூரை தாழ்ந்த இடத்திலேயே நாலரை மீற்றர் உயரம் வேண்டும். முகட்டில் காற்றுப் போகத் திறப்பும், ஓரத்தில் 1.2 மீற்றர் தாழ்வாரமும் இல்லாவிட்டால் மே மாத வெக்கையில் கீரை பத்து மணிக்கே வாடும், நவம்பர்ச் சாரல் அரிசி மூட்டையை நனைக்கும்.

தரை 100க்கு 1 சரிவு. மீன் பகுதியில் 60க்கு 1, தனி வடிகால், செதிலும் குடலும் தங்கும் வலைக்கூடை, கழுவத் தண்ணீர். மீன் தண்ணீரை மரக்கறிப் பக்க வடிகாலில் சேர்த்தால் முழுச் சந்தையும் நாறும்.

தீ. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தபோது ஒரே இரவில் பல குடும்பங்களின் முதலீடு சாம்பலானது. தொகுதிகளுக்கு இடையில் 6 மீற்றர் வெளி விடுங்கள், அந்த வெளியில் தகரக் கொட்டில் போட அனுமதிக்காதீர்கள். புடைவை, பிளாஸ்டிக் கடைகளைத் தொடராக வைக்காமல், ஒவ்வொரு ஆறு கடைக்கும் கூரைக்கு மேலெழும் செங்கல் தடுப்புச் சுவர் எழுப்புங்கள். ஒவ்வொரு கடைக்கும் தனி மின்துண்டிப்பானும், சந்தை மூடும்போது முழுத் தொகுதியையும் அணைக்கும் ஒரு பிரதான ஆளியும் வேண்டும். 10,000 லீற்றர் தண்ணீர் தீக்கென்றே எப்போதும் நிற்க வேண்டும்.

கமக்காரர் தம் விளைச்சலை நேரே விற்க, கடை இல்லாத திறந்த மேடையொன்று கட்டாயம். கத்தரியும் பயற்றங்காயும் மூட்டையாகக் கொண்டுவரும் சிறு கமக்காரரை நாள்வாடகையில் அனுமதியுங்கள். நிரந்தரக் கடைகளை மட்டும் கட்டினால் இவர்கள் தரகரிடமே தங்கிவிடுவார்கள். குளிர்களஞ்சியம் கேட்டு நிதி தேடுவதற்கு முன் நிழலும் பிளாஸ்டிக் கூடைகளும் கொடுத்துப் பாருங்கள். சாக்கில் அடைத்து லொறியில் எறிவதால் ஏற்படும் இழப்பே அதிகம்.

பெண் வியாபாரிகளுக்குப் பூட்டும் விளக்கும் தண்ணீரும் உள்ள தனி மலசலகூடம் திறப்பு விழாவுக்கு முன்பே இயங்க வேண்டும். அதிகாலையில் வந்து மதியம் வரை இருப்பவர்கள் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருப்பது வன்னிச் சந்தைகளில் புதிதல்ல. இதைச் சரிசெய்யாத எந்தச் சந்தைத் திட்டத்தையும் நல்ல திட்டம் என்று சொல்ல மனம் வராது.

கிணறும் மலக்குழியும்

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி வேண்டும். மணற்பாங்கான நிலத்திலும் பிளந்த பாறையிலும் இன்னும் கூடுதலாக. பத்துப் பேர்ச் காணி ஏறக்குறைய 40 அடிக்கு 70 அடி. அதில் வீட்டையும் வைத்து, உங்கள் குழியிலிருந்து உங்கள் கிணற்றுக்கும் அயலவரின் இரண்டு கிணறுகளுக்கும் 50 அடி காட்ட முடியாது. ஆகவே விதியை இப்படி வையுங்கள்: குழாய்நீர் உள்ள பகுதியில் 10 பேர்ச் வரை துண்டாக்கலாம், கிணற்றை நம்பும் பகுதியில் 20 பேர்ச்சுக்குக் குறையக் கூடாது. குழாய் எதுவரை போகிறதோ அதுவரைதான் நெருக்கமான குடியிருப்பு.

வவுனியாப் பக்கம் கடும்பாறை. தண்ணீர் மேலேயுள்ள உக்கிய படையில்தான் நிற்கும், ஓகஸ்ட்–செப்டெம்பரில் வற்றும். பூநகரிக் கரையோரத்தில் இறைப்புக் கூடினால் உவராகும். வருடத்தில் இருமுறை, ஏப்ரலிலும் செப்டெம்பரிலும், நகருக்குள் இருபது கிணறுகளைத் தெரிந்து நீர்மட்டத்தையும் நீரின் தரத்தையும் பதியுங்கள். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கும், புளோரைட்டு 1 மில்லிகிராமுக்கும் மேற்பட்டால் அந்தக் கிணறு குடிக்க உதவாது. மலக்கிருமி இருந்தால் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்வதுடன் நிற்காமல், அருகிலுள்ள குழியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருடன் போய்ப் பாருங்கள்.

பாடசாலை, சபைக் கட்டடம், சந்தைக் கூரை எல்லாவற்றிலும் மழைநீரைப் பிடியுங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 1,200 மி.மீ. ஆண்டு மழைக்கு, ஐந்தில் ஒரு பங்கு வீணாகப் போனாலும், ஏறக்குறைய 89,000 லீற்றர் கிடைக்கும். முதல் மழைத் தண்ணீரைத் திருப்பிவிடும் குழாய் இல்லாத தொட்டியில் பறவை எச்சமும் தூசியும் சேரும்.

கலி பவுசர் உறிஞ்சும் மலக்கழிவை எங்கே ஊற்றுவது என்று யாரும் கேட்பதில்லை. உதாரண நகரில் 3,600 வீடுகள், நான்கு வருடத்துக்கு ஒருமுறை உறிஞ்சினால் வேலை நாளுக்கு மூன்று வீடு, ஒன்பது பத்துக் கனமீற்றர். இதற்கு மணற்படுக்கைகளும் குட்டைகளும் உள்ள இரண்டு ஏக்கர் போதும். குப்பைக்கு ஐந்து ஏக்கர். இரண்டும் குளத்தின் நீரேந்துப் பகுதிக்கு வெளியே, கிணறுகளுக்கு எதிர்ச் சரிவில், வீடுகளிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். சுற்றாடல் அனுமதி பெற மாதங்கள் ஆகும், ஆகையால் முதல் வருடத்திலேயே விண்ணப்பியுங்கள்.

குப்பையைப் பிரித்துச் சேர்க்காவிட்டால் மிச்சம் எல்லாம் வீண். சந்தைக் கழிவை ஒன்றரை மீற்றர் உயரமும் இரண்டரை மீற்றர் அகலமுமான குவியலாக்கி, வாரம் ஒருமுறை புரட்டினால் எட்டு முதல் பத்து வாரத்தில் பசளையாகும். குவியலின் நடுவில் வெப்பம் 55 பாகை செல்சியசுக்குக் குறைந்தால் காற்றோ ஈரமோ போதவில்லை. பிடித்துப் பிழிந்தால் ஓரிரு துளி வர வேண்டும், ஓடினால் ஈரம் அதிகம். உக்கிய குப்பை மணம் யானையை இழுக்கும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கங்களில் மின்வேலி இல்லாமல் குப்பைமேடு அமைக்காதீர்கள். பொலித்தீன் தின்ற யானையும் செத்துப்போகும், வழியிலுள்ள வாழைத்தோட்டமும் அழியும்.

பணம்

பிரதேச சபைச் சட்டம், 1987இன் 15ஆம் இலக்கம், கட்டடங்கள் நெருங்கிய பகுதியாகப் பிரகடனம் செய்த இடத்தில்தான் சோலைவரி (ஆதனவரி) அறவிட இடமளிக்கிறது. நகரம் விரிந்தும் பிரகடனம் பழைய எல்லையிலேயே நின்றால், புதிய கடைகளின் குப்பையைப் பழைய கடைக்காரரின் வரியில் அள்ளுவீர்கள். எல்லையைத் திருத்தி, விலைமதிப்புத் திணைக்களத்தின் மூலம் புதிய மதிப்பீட்டைக் கேளுங்கள். வரி கூட்டுவதற்கு முன் அந்தத் தெருவில் விளக்கும் வடிகாலும் வந்திருக்கட்டும், மக்கள் மறுக்க மாட்டார்கள்.

சந்தைக் குத்தகையில் உள்குத்தகையைத் தடுங்கள். சபைக்குச் சிறுதொகை கட்டிவிட்டு இன்னொருவரிடம் பல மடங்கு வாங்குபவர் இருந்தால் சபையின் வருமானம் அவரிடம் போகிறது. மூன்று வருட ஒப்பந்தம், புகைப்படத்துடன் கடைக்காரர் பதிவு, ஆறு மாதத்துக்கு ஒரு நேரடிப் பரிசோதனை போதும்.

எந்தத் திட்டம் இலவசமாகக் கட்டித் தர வந்தாலும் ஆண்டுப் பராமரிப்பை எழுதிக் கேளுங்கள். கட்டடச் செலவில் ஆண்டுக்கு 2 முதல் 3 வீதம் வேண்டும். ஐந்து கோடி ரூபாய்க் கட்டடத்துக்கு வருடம் பத்து முதல் பதினைந்து இலட்சம். அதைச் சந்தை வாடகை ஈடுசெய்யாவிட்டால் சிறிதாகக் கட்டச் சொல்லுங்கள்.

வேலை ஒழுங்கு

முதல் ஆறு மாதம் படமும் கணக்கும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரகடனம் உங்கள் பகுதிக்கு இருக்கிறதா என்று அந்த நேரத்திலேயே கேளுங்கள். இருந்தால் அவர்களின் அபிவிருத்தித் திட்டமும் 2021இன் திட்டமிடல் ஒழுங்குவிதிகளும் உங்கள் அனுமதிகளைக் கட்டுப்படுத்தும், அவர்களுடன் சேர்ந்தே வரைய வேண்டும். ஏழாம் மாதம் தொடக்கம் எல்லைக்கல், இரண்டாவது வீதியின் அளவை, கழிவுக் காணிக்கான விண்ணப்பம். இரண்டாம் வருடம் பிரதான வடிகாலின் கீழ்முனை. சந்தைக் கட்டடம் மூன்றாம் வருடத்துக்கு முன் வேண்டாம்.

படத்தைத் தமிழில் பெரிதாக அச்சிட்டுச் சபை வாசலிலும் சந்தையிலும் பஸ் தரிப்பிடத்திலும் ஒட்டுங்கள். ஒதுக்கிய காணியின் எல்லை ஊருக்குத் தெரிந்தால், பிடிக்க வருபவரை அயலவரே கேட்பார்கள். ஒவ்வொரு செப்டெம்பரிலும், மழைக்கு முன், வடிகாலும் மதகும் துப்புரவாக்குங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் அதே குழு, அதே பாதையில் நடந்து, தண்ணீர் நின்ற புதிய இடங்களையும் புதிதாக எழுந்த கட்டடங்களையும் படத்தில் சேர்க்க வேண்டும். அந்த மாதச் சபைக் கூட்டத்தின் முதல் நிகழ்ச்சிநிரல் அந்தப் படமாக இருக்கட்டும், அனுமதிக் கோவைகள் அதற்குப் பிறகு.